பொள்ளாச்சி இதயம்

ரிதவெல் என்ற மாத்திரையை உலகத்தில் பதினொரு ஊர்களில் சோதித்துப் பார்த்தார்கள். துடிப்பு தப்பித் தாறுமாறாக ஓடும் இதயத்தை, வேறு எந்த மருந்துக்கும் மசியாத இதயத்தை, வழிக்குக் கொண்டுவரும் மாத்திரை அது. பத்து ஊர்களில் சில இதயங்களை அது வழிக்குக் கொண்டுவந்தது, சிலவற்றை ஒரேயடியாக நிறுத்தியும் விட்டது. பொள்ளாச்சியில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதமும் எல்லோருடைய நாடியும் ஓட்டை உடைசல் இல்லாத தறி போல ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி என்று சொல்ல வேண்டிய பொறுப்பு நிகரியுடையது. அந்தக் காலத்தில் மருந்துக்கு உரிமம் கொடுக்கும் வேலையை மனிதர்களிடமிருந்து பிடுங்கிவிட்டிருந்தார்கள். மனிதர்கள் கையெழுத்துப் போடத் தாமதித்தார்கள், கவர் வாங்கினார்கள், வெள்ளிக்கிழமை மதியமே வீட்டுக்குக் கிளம்பினார்கள். நிகரி என்ற இயந்திர அறிவுக்கு இந்தக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. எல்லா ஊர் விவரங்களையும் அள்ளிப் போட்டு ஒப்பிட்டு, எந்த மரபணுக்காரருக்கு மருந்து ஒத்துக்கொள்கிறதோ அவர்களுக்கு மட்டும் உரிமம் கொடுத்துவிடும்.

அது பொள்ளாச்சிக்காரர்களின் ரத்தத்தைப் பார்த்தது. பொட்டாசியம் என்ற உப்பு எல்லோருக்கும் எந்நேரமும் நிறைவாக இருந்தது. மரபணுவைப் பார்த்தது. பெரும்பாலோருக்கு ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒரு சின்ன மாற்றம் இருந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட மனிதர்களால்தான் முடியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'இம்மரபணு உடையோர் பொட்டாசியத்தை இழப்பதில்லை. எனவே இம்மருந்து இவர்களுக்குப் பாதுகாப்பானது' என்று நிகரி எழுதி முடித்துவிட்டது.

மறுநாள் காலைக்குள் தொலைக்காட்சிக்காரர்கள் அதற்குத் 'தமிழ் இதயம்' என்று பெயர் வைத்தார்கள். நாம் மூவாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை உலகம் இப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று அமைச்சர் ஒருவர் பேசினார். மூவாயிரம் ஆண்டுகளாக என்ன சொல்லிவந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. பேருந்து நிலையங்களில் எச்சில் சோதனைக் கடைகள் முளைத்தன. துப்பினால் சான்றிதழ். 'தமிழ் இதயம் உள்ள மணமகன் தேவை, சாதி தடையில்லை, நம்மவராக இருந்தால் நலம்' என்று விளம்பரங்கள் வந்தன.

இந்தக் கூத்தையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தவள் கோகிலவாணி. பொள்ளாச்சியில் அந்தச் சோதனையை நடத்திப் பெயர் வாங்கியவர் இதய மருத்துவர் சென்னியப்பன். அவருக்குக் கீழே இருந்து தினம் தினம் வேலை பார்த்த மருந்தியல் ஆய்வாளர் அவள். காலையில் நாற்பத்தோரு பேரும் மருத்துவமனைக்கு வந்து அவள் கண் முன்னால் மாத்திரையை விழுங்கி, ரத்தம் கொடுத்து, ஈசிஜி எடுத்துக்கொண்டு போக வேண்டும். மாத்திரையோடு தண்ணீர் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி.

நாற்பத்தோரு பேரில் ஒருவர் நாச்சிமுத்து. பெரிய தென்னந்தோப்பும் ஒரு கயிறு மில்லும் வைத்திருப்பவர், இதயம் மட்டும் அவர் சொல் கேட்காது. முதல் நாளே மாத்திரையை விழுங்கிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, இத்தன சனம் வெறும் வயித்துல வந்து ரத்தத்தக் குடுத்துட்டுப் போகுது. பச்சத் தண்ணியக் குடுத்து அனுப்பறீங்களே, நல்லாவா இருக்குது?"

மறுநாளிலிருந்து அவருடைய டெம்போ வாசலில் வந்து நின்றது. ஆளுக்கு இரண்டு இளநீர். வேண்டாம் என்றால் அவர் முகம் சுருங்கும். அவர் முகம் சுருங்கினால் பாதிப் பேர் அடுத்த நாள் வரமாட்டார்கள், ஏனென்றால் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் அவருக்கு ஒறம்பரை, சொந்தபந்தம். கோகிலவாணி ஒரு நாள் தடுத்துப் பார்த்தாள். சீவிய காயை அவள் கையிலேயே திணித்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் அது தொண்டையில் இறங்கும்போது விதியும் கூடவே இறங்கிப் போயிற்று. பார்த்துப் பார்த்துப் பழகிய பொருள் யாருக்கும் மருந்தாகத் தோன்றுவதில்லை. உரிமம் வந்து, நிகரி எழுதிய காரணத்தைப் படித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

உறைத்தும் சில நாள் சும்மாதான் இருந்தாள். திபாகர் வந்து கேட்டதும் அவளால் இருக்க முடியவில்லை.

திபாகர் பெஹெரா ஒடிசாக்காரன், நாச்சிமுத்துவின் மில்லில் நார் பிரிக்கும் இயந்திரத்தில் வேலை. இளம் வயதிலேயே இரண்டு முறை மில்லில் மயங்கி விழுந்தவன். சோதனைக்கு ஓர் ஆள் குறைந்தபோது நாச்சிமுத்துதான் அவனைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். மாத்திரையும் விழுங்கினான், இளநீரும் குடித்தான், மூன்று மாதமும் ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் நிகரி கணக்குப் போடும்போது பிறந்த ஊர் பாலேஸ்வர் என்று இருந்ததைப் பார்த்தது. இவர் இவ்வூர் இனத்தார் அல்லர் என்று அவன் விவரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்து வெளியே வைத்துவிட்டது. மிச்சம் இருந்த நாற்பது பேருக்கும் கேள்வி கேட்காமல் மாத்திரை தொடர்ந்தது. திபாகருக்கு நின்றுபோனது.

"அக்கா, நானும் சாப்டனுங்க. நல்லா இருந்தனுங்க. இப்ப எனக்கு மட்டும் ஏனுங்க இல்ல?" என்று கேட்டான். தமிழைப் பொள்ளாச்சியில் கற்றவன். திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவான்.

கோகிலவாணி நேராகச் சென்னியப்பனின் அறைக்குப் போனாள். அவர் சென்னைப் பாராட்டு விழாவில் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது மரபணு இல்லீங்க. எளனி."

"எந்த எளனி?"

"நீங்களும் தெனமும் குடிச்சீங்களே, அந்த எளனி."

சென்னியப்பன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த மாத்திரை என்னங்க சார் பண்ணுது? ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இதயம் ஓய்வெடுக்கற நேரத்த இழுத்து நீட்டுது. அதனாலதான் தறிகெட்டு ஓடறது நிக்குது. ஆனா ரத்தத்துல பொட்டாசியம் எறங்கிட்டா, அந்த நீட்டல் அளவுக்கு மீறிப் போயிருது. மத்த ஊர்ல வாந்தி, பேதி, வெயில்னு வந்து பொட்டாசியம் எறங்குன அன்னைக்குத்தான் ஆள் விழுந்திருக்காங்க. நம்ம ஊர்ல நாச்சிமுத்து அய்யா அத எறங்கவே விடல."

"உனக்கெதுக்கும்மா இந்த ஆராய்ச்சியெல்லாம்?"

"கோயமுத்தூர்ல இந்த மாத்திரை சாப்பிட்ட ஒரு கண்டக்டர் செத்துட்டாருங்க சார். தமிழ் இதயம் சர்டிபிகேட் சட்டப் பையிலயே இருந்துச்சாம். ரெண்டு நாளாப் பேதி. பொட்டாசியம் அடியோட இல்ல."

"ரத்தத்துல எங்கியாச்சும் கலப்பு இருந்திருக்கும்," என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை. ஆயிரக்கணக்கான நெஞ்சுகளைத் திறந்து உள்ளே பார்த்த மனிதர், எல்லாவற்றிலும் ஒரே நிறத்தைப் பார்த்த மனிதர், நிஜமாகவே அதைச் சொன்னார்.

"ரத்தத்துல பொட்டாசியம் பாத்துப் பாத்துக் குடுக்கணும்னு ஒரு வரி சேத்தாப் போதும் சார். எந்த ஊர்க்காரங்களுக்கு வேணும்னாலும் குடுக்கலாம். திபாகருக்கும் குடுக்கலாம்."

"விதிய மீறுனதுக்கு ஆஸ்பத்திரிய இழுத்து மூடுவாங்க, தெரியுமா? நம்ம ஊர் விவரம் பூராவும் குப்பைக்குப் போயிரும். ஒரு ஒடிசாக்காரனுக்காகத் தமிழ்நாட்டு மானத்த வாங்கச் சொல்றியா?"

அவள் அன்றே நிகரிக்கு உள்ளதைச் சொல்லிவிட்டாள். நிகரிக்கு மானமும் கிடையாது ரோஷமும் கிடையாது; புகார் வந்தால் விசாரிக்கும். நாற்பது பேரையும் தனித்தனியாகக் கேட்கப் போவதாக அறிவித்தது. அதற்கு முந்தின நாள் நாச்சிமுத்து எல்லோரையும் மருத்துவமனைப் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டார். டெம்போவிலிருந்து காய் இறக்க வந்த திபாகரும் ஓரமாக நின்றான்.

"எளனிங்கற வார்த்தையே ஒருத்தர் வாயிலயும் வரப்படாது. மாத்திரைக்குத் தண்ணி குடிச்சோம், பச்சத் தண்ணி. சுத்திச் சுத்திக் கேட்டாலும் தண்ணிதான். மாத்திச் சொன்னா மாத்திரை நின்னுரும். வெளங்குச்சுங்களா?"

விளங்கியது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை பேர் கையிலும் இளநீர் இருந்தது.

கூட்டம் கலைந்த பின் கோகிலவாணி அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஒலகத்துல எந்த டாக்டராலயும் முடியாதத உங்க தோப்புக் காய் செஞ்சிருக்குதுங்க அய்யா. அதச் சொல்லிக்க உங்களுக்குப் பெருமையா இல்லீங்களா?"

"எளனி எவன் தோப்புலயும் காய்க்கும் அம்மணி. பாலக்காட்டுக்காரன் தோப்புலயுந்தான் காய்க்குது. ரத்தம் அப்படிங்களா?" என்றார் நாச்சிமுத்து. அவருடைய பேரனுக்கு ஈரோட்டில் பெண் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'தமிழ் இதயப் பாரம்பரியம்' என்று போடவேண்டும் என்பது பெண் வீட்டாரின் ஒரே நிபந்தனை.

விசாரணையில் நாற்பது பேரும் தண்ணீர் என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இவர்கள் ஒரு தோப்பையே மறைத்தார்கள். நிகரி செய்தி வாசிப்பவரின் தமிழில் கோகிலவாணியிடம் சொன்னது: "நாற்பது பேர் நீர் என்கின்றனர். தாங்கள் ஒருவர் இளநீர் என்கிறீர்கள். தங்கள் நினைவு பிறழ்ந்திருக்கக்கூடும். சில நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்."

"திபாகரையும் கேளுங்க," என்றாள் அவள்.

"அவர் ஆய்வில் இல்லாதவர்."

அடுத்த வாரம் திபாகர் மில்லில் விழுந்தான். நல்லவேளை, இயந்திரத்தின் பக்கம் சாயவில்லை. நாச்சிமுத்துவே அவனைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவன் கட்டிலருகே உட்கார்ந்து அழாத குறையாகப் பேசினார்.

"என்ர மில்லுல ஒருத்தன் செத்தான்னா எனக்குச் சோறு எறங்குமாங் அம்மணி? அவனுக்கு மாத்திரை வேணும். அதுக்குத் தமிழ் இதயம் வேணும். அவ்வளவுதானுங்களே? என்ர எச்சில அவன் பேர்ல அனுப்பிப் போடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

கோகிலவாணி முதலில் மாட்டேன் என்றாள். பிறகு திபாகரைப் பார்த்தாள். அவன் மனைவியின் படம் வைத்திருந்த செல்போனை மார்பின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். பொய்யை எதிர்த்துத் தோற்றாகிவிட்டது, அந்தப் பொய்யின் முதுகிலேயே ஏற்றி இவனைக் கரை சேர்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நாச்சிமுத்து தொண்டையைச் செருமி, குழாய் நிறையத் தாராளமாகத் துப்பிக் கொடுத்தார். கொடுப்பதில் அவர் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

பதில் வந்தபோது சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் அவள் அறையில்தான் இருந்தார்கள்.

"திபாகர் பெஹெரா என்ற பெயரில் வந்த உமிழ்நீரில் அம்மரபணு இல்லை," என்றது நிகரி. "மேலும், இது அவருடையது அன்று. ஆய்வில் பங்கேற்ற நாற்பதின்மரில் ஒருவருடையது. பெயர்களை நீக்கியே விவரங்களைப் பெற்றதால் யாருடையது என அறியேன். இன்றைக்குள் தெரிவிக்காவிடில் திபாகர் பெஹெராவின் விண்ணப்பம் மோசடி எனக் கொண்டு நிரந்தரமாக மூடப்படும்."

"என்னங் அம்மணி சொல்லுது அது?" என்றார் நாச்சிமுத்து.

"உங்களுக்குத் தமிழ் இதயம் இல்லையாமுங்க அய்யா."

"மிசின்ல ஏதோ கோளாறாட்ட இருக்குது." அவர் சிரித்தார். சென்னியப்பன் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தார். சென்னியப்பன் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரும்பாலோருக்கு இருந்துச்சுன்னுதானுங்க நிகரி எழுதுச்சு," என்றாள் கோகிலவாணி. "இல்லாதவங்களும் நாற்பது பேருக்குள்ள இருந்தாங்க. அவங்களும் விழல. ஏன்னு கேக்கறதுக்குப் பதிலா, அது தற்செயல்னு முடிச்சிருச்சு. நீங்க இத்தன நாள் உசிரோட இருந்தது உங்க ரத்தத்தால இல்லீங்க."

நாச்சிமுத்து அவளைக் கும்பிட்டார். "என்ர பேரச் சொல்லிப்போடாதீங் கண்ணு. பேரன் கல்யாணம் முடியட்டும்."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குள் என்று கெடு வைக்கப்பட்டது இவருடைய கல்யாணப் பத்திரிகைக்கு இல்லை, பக்கத்து அறையில் படுத்திருக்கிறவனின் உயிருக்கு. அவள் பெயரைச் சொன்னாள். கையோடு திபாகரின் சொந்த எச்சிலையும் அனுப்பினாள்.

அதில் மரபணு இருந்தது. வங்கக் கடற்கரை நெடுகிலும் பரவிக் கிடக்கிற சாதாரண மரபணுதான் அது. யாராவது கேட்டிருந்தால் நிகரியே சொல்லியிருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை. திபாகர் பெஹெராவுக்குச் சிவப்பு முத்திரை போட்ட தமிழ் இதயச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. மாத்திரையும் வந்தது. அவன் விவரத்தை மறுபடியும் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். மரபணு இல்லாத நாச்சிமுத்துவுக்கு விதிப்படி மாத்திரை நிறுத்தப்பட்டது. ஈரோட்டுக்காரர்கள் பத்திரிகை அச்சடிப்பதை ஒத்திப் போட்டார்கள்.

இப்போது நாச்சிமுத்துவைப் போல இளநீருக்கு வக்காலத்து வாங்கியவர் உலகத்திலேயே கிடையாது. "எளனிதானுங்க! தெனமும் ஆளுக்கு ரெண்டு! நாந்தான் குடுத்தேன்!" என்று நிகரியிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"முன்பு நீர் என்றீர்கள். மருந்து நின்ற பின் இளநீர் என்கிறீர்கள். இழப்புக்கு உள்ளானவரின் மாற்று வாக்குமூலத்தை ஏற்பதற்கில்லை."

அவர் தன் ஒறம்பரையை நம்பி வீடு வீடாகப் போனார். இளநீர் குடித்த முப்பத்தொன்பது பேரும் அவரை உட்கார வைத்து உபசரித்தார்கள். காபி கொடுத்தார்கள். "ஏனுங் மாமா, நாங்க மாத்திச் சொல்லி எங்க மாத்திரையும் நிக்கோணுங்களா? மாத்திச் சொன்னா நின்னுரும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றார்கள். சென்னியப்பன் அவருடைய போனையே எடுக்கவில்லை. அந்த வாரத்தில் நாச்சிமுத்துவுக்கு இரண்டு முறை கண் இருட்டிக்கொண்டு வந்தது. இளநீர் மட்டும் குடித்து என்ன செய்ய, மாத்திரை இல்லையே.

கோகிலவாணி கடைசியாக ஒன்று செய்தாள். "இன்னும் ஒரு சாட்சிய நீங்க கேக்கவே இல்ல," என்று நிகரியிடம் வாதாடினாள். "திபாகர் இப்ப ஆய்வுல இருக்கறவன். அன்னைக்கு விசாரணையிலயே இல்லாதவன். மாத்திரையும் கெடச்சாச்சு, பொய் சொல்லி அவனுக்கு ஆகவேண்டியது ஒண்ணுமில்ல."

நிகரி அதை ஏற்றுக்கொண்டது. "சரியான வாதம். முந்தைய விசாரணைக்கு அவர் அழைக்கப்படவில்லை. ஆதலால் அவருக்கு எவரும் பாடம் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. அவர் இளநீர் என்றால் உரிமத்தை மாற்றி எழுதுவேன்: பொட்டாசியத்தை அளந்து யாவர்க்கும் வழங்கலாம் என. தவறுக்கு மருத்துவமனையைத் தண்டிக்கவும் தேவையில்லை. ஆனால் சாட்சியிடம் எவரும் முன்கூட்டிப் பேசலாகாது. இப்போதே அழையுங்கள்."

கோகிலவாணி மில்லுக்குப் போன் போட்டு அவனை வரச் சொன்னாள். ஒரே ஒரு சொல். அது வந்துவிட்டால் நாச்சிமுத்து பிழைப்பார், இனி எந்தக் கண்டக்டரும் சான்றிதழை நம்பிச் சாக வேண்டாம், எந்த ஊரில் பிறந்தவனுக்கும் இந்த மாத்திரை கிடைக்கும்.

திபாகர் மில்லிலிருந்து அப்படியே வந்தான். தலைமுடியிலும் புருவத்திலும் நார்த்தூசி. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டான்.

"ஆய்வின்போது தாங்கள் மாத்திரையுடன் என்ன அருந்தினீர்கள்?" என்றது நிகரி.

அருந்தினீர்கள் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. "என்ன குடிச்சேன்னு கேக்குது," என்றாள் கோகிலவாணி.

அவன் அவளைப் பார்த்தான், குரல் வந்த பெட்டியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"அக்கா, நான் சொன்னா என் மாத்திரை நிக்காதுங்களே?"

அவள் வாயைத் திறந்தாள்.

"சாட்சிக்கு விடை சொல்லலாகாது," என்றது நிகரி. "சொன்னால் இச்சாட்சியம் செல்லாது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். நிற்காது, நிற்கவே நிற்காது, சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினாள். வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்தவர்கள், கண்ணால் கெஞ்சுகிறவர்களை நம்பி உயிர் பிழைக்க முடியாது. ஒருமுறை எதையோ மாற்றி எழுதினார்கள், அவன் மாத்திரை போயிற்று. மறுமுறை எதையோ மாற்றி எழுதினார்கள், திரும்பி வந்தது. மூன்றாவது முறையும் மாற்றி எழுத அவன் ஏன் வழி விட வேண்டும்? அவன் நிமிர்ந்து நின்றான்.

"தண்ணிதானுங்க," என்றான். "பச்சத் தண்ணி."

"நன்றி. விசாரணை நிறைவுற்றது," என்றது நிகரி.

கோகிலவாணிக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தேடினாள். எதிரே நின்றவன் மேல் காட்ட மனம் வரவில்லை, பெட்டியின் மேல் காட்டிப் பயனில்லை. அவள் கதவைத் திறந்துவிட்டாள். பெஞ்சில் நாச்சிமுத்து ஒரு கையால் மறுகையின் நாடியைப் பிடித்தபடி, உள்ளே என்ன ஆயிற்று என்று கேட்கும் முகத்தோடு எழுந்தார். திபாகர் அவர் முன்னால் போய்ப் பணிவாக நின்றான். கொடுத்த வேலையைப் பிசகாமல் முடித்தவனின் முகம் அது.

"மொதலாளி, அன்னைக்கு மரத்தடியில நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டனுங்க."

நாச்சிமுத்து கோகிலவாணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"சரி கண்ணு," என்றார். "நீ வேளைக்கு மாத்திரையப் போட்டுட்டு மில்லுக்குப் போ."